ஒன்பது சென்டிமீட்டரில் போட்ட கோடு

கண்ணாடி ஜாடியை மூடிவிட்டால் நாற்பது நிமிடம் திறக்கக் கூடாது. லேபில் நான் கற்றுக்கொண்ட முதல் சட்டம் அதுதான். ஜாடிக்குள் விரல் கனத்துக்கும் குறைவாகத் திரவம் இருக்கும். அதில் கால் நனைத்தபடி ஒரு வெள்ளைத் தகடு நிற்கும். தகட்டின் அடிப்பக்கம், திரவம் தொடாத உயரத்தில், குண்டூசித் தலை அளவு ஒரு மஞ்சள் புள்ளி. திரவம் தானாகத் தகட்டில் ஏறும். ஏறும்போது புள்ளியையும் இழுத்துக்கொண்டு போகும். நடுவில் மூடியைத் திறந்தால் உள்ளே நிறைந்திருக்கும் ஆவி வெளியே போய்விடும், ஏறுகிற ஏற்றம் கோணிவிடும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என்னைப் போன்ற ஆளுக்கு அது தண்டனை. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கை துடிக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

எதையும் மூன்று முறை பார்க்காமல் எனக்கு ஆகாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை உள்ளே போய் வருவேன். என் மனைவி வாசலில் நின்று சொல்வாள்: "நாலாவது தபா போனா சிலிண்டருக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா. அது ஒண்ணுதான் பாக்கி."

சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் லேப். இரண்டு அறைகள். உணவுப் பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற இடம். மாம்பழச் சீசனில் கூழ், ஜூஸ், ஜெல்லி என்று மஞ்சளாக எது இருந்தாலும் எங்களிடம் வரும். பாட்டில் கழுவத்தான் என்னைச் சேர்த்தார்கள். நான்கு வருஷம் கழுவினேன். அப்புறம்தான் மேடம் வந்தார். திருப்பதிப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தினமும் பஸ்ஸில் வந்து போவார். எனக்கு நாற்பத்து மூன்று. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். வீட்டில் தெலுங்கு, படித்தது இங்கிலீஷ், என்னோடு பேசுவது தமிழ். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்; 'இல்லையா' என்பதற்குக் 'கதா' என்பார்.

ஒரு நாள் அவர்தான் கேட்டார். "சும்மா உக்காந்து ஜாடியையே பாக்கறீங்க கதாண்ணா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"எனக்குக் கணக்கு வராது மேடம்" என்றேன்.

அது பொய் இல்லை. எங்கள் ஊர் நகரிப் பக்கம், ஆந்திராவுக்குள் தமிழ் பேசுகிற ஊர். எட்டாவது வரை தமிழில் படித்தேன். ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்கூடம் போனால் எல்லாமே தெலுங்கு. கணக்கு வாத்தியார் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதி, சாக்பீஸைக் கையில் கொடுத்தார். வகுக்கச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அந்தப் பீரியட் மணி அடிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு அடுத்த நாளும் வலித்தது. அப்படியே பள்ளிக்கூடம் நின்றுபோனது. விட்ட பாடம் விகிதம்.

"கீழ அலிபிரியில இருந்து திருமலைக்குப் படியேறி நடந்திருக்கீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"மூணு தபா."

"கூட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரியா ஏர்றாங்க? சில பேர் கோவிந்தா கோவிந்தான்னு ஒரே ஓட்டம். சில அக்காங்க ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சுக்கிட்டே வருவாங்க. கரெக்டா ஒரு மணி நேரம் கழிச்சு எல்லாரையும் நில்லுன்னு சொல்றோம். அனுகோண்டி, சும்மா நினைச்சுக்கோங்க. முன்னாடி ஓடினவர் ஆயிரமாவது படியில நிக்கிறார். மஞ்சள் வெச்ச அக்கா நானூறாவது படி. அக்காவோட வேல்யூ எவ்ளோ?"

"நானூறு."

"இல்லைண்ணா. ஆயிரத்துல நானூறு. பாயிண்ட் ஃபோர். நாளைக்கு மழை. முன்னாடி போறவருக்கே ஐந்நூறு படிதான் முடிஞ்சுது. அப்போ அக்கா எங்க இருப்பாங்க?"

யோசித்தேன். "இருநூறு."

"வேல்யூ?"

"அதே... பாயிண்ட் ஃபோர்."

"வச்சேசிந்தி!" என்று மேஜையைத் தட்டினார். வந்துவிட்டதாம். எனக்கு முதுகு வியர்த்தது. முப்பது வருஷம் கழித்துக் கரும்பலகையில் இருந்து திரும்பி நின்றது போலிருந்தது.

ஏறுகிற திரவம்தான் முன்னால் ஓடுகிறவர். நிறப்புள்ளிதான் அக்கா. தகட்டை எடுத்ததும் திரவம் எதுவரை ஈரமாக ஏறியிருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட வேண்டும். புள்ளி போன தூரத்தை அந்தக் கோட்டின் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ஆர்.எஃப். வேல்யூ. ஒவ்வொரு நிறமும் தகட்டை ஒவ்வொரு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேல்யூ. அது ஒருநாளும் ஒன்றைத் தாண்டாது, முன்னால் போகிறவரைத் தாண்டி யாரும் போக முடியாது என்பதால். எனக்கு அது பிடித்திருந்தது. பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எங்கேயோதான் இருக்கும், அதற்கு வெளியே எதுவும் நடக்காது.

"ஒரே ஒரு விஷயம்ணா" என்றார் மேடம். "பிளேட்டை எடுத்த அந்த செகண்டே கோடு போடணும். ஈரம் காஞ்சிடும். முன்னாடி ஓடினவர் வீட்டுக்குப் போயிட்டா, எந்தப் படியில நின்னார்னு யாரைப் போய் கேப்பீங்க?"

இன்னொன்றும் சொல்லியிருந்தார். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் பொருள் சோதனைக்கு வந்தால் நான் தொடக் கூடாது, அவரிடம் சொல்லிவிட வேண்டும். "எனக்கு யாரு மேடம் இந்த யாவாரத்துல இருக்காங்க" என்று சிரித்தேன்.

இருந்தார். என் மனைவியின் அண்ணன், என் மச்சான். புத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஷெட் போட்டு மாம்பழ ஜெல்லி செய்கிறார். சாற்றைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து, வில்லையாக வெட்டி, தாளில் சுற்றி விற்பது. ஏன் மறைத்தேன்? கேட்ட மாத்திரத்தில் இல்லை என்று சொல்லிவிடுவது என் பழக்கம். இருக்கிறது என்றால் அடுத்து என்ன கேட்பார்களோ என்ற பயம்.

இந்த சீசன் நடுவில் மேடம் பஸ் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. லேபுக்கு ஒரு மாதம் வர முடியாது. புது ஆள் கிடைக்கும்வரை பிளேட் நான் ஓட்டுவது, ரிஜிஸ்டரில் எழுதுவது, பிளேட்டையும் ரிஜிஸ்டரையும் திருப்பதிக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்குவது என்று முடிவானது. "உங்களால முடியும்ணா" என்றார் போனில். முடியாது என்று சொல்லவும் பயமாக இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு பொட்டலம் வந்தது. ஸ்ரீ சிட்டிப் பக்கம் கம்பெனிகளுக்கு கேண்டீன் நடத்தும் ஒருவர் அனுப்பியது. பிரித்தேன். உள்ளே மாம்பழ ஜெல்லி. தாளில் மச்சானின் ஷெட் பெயர்.

விஷயம் எனக்குப் பாதி தெரியும். அந்த கேண்டீன் ஆர்டரை நம்பித்தான் மச்சான் இந்த வருஷம் ஷெட்டைப் பெரிதாக்கியிருந்தார், வேலைக்கு எட்டுப் பெண்களை வைத்திருந்தார். ஜெல்லியில் மஞ்சள் நிறம் சேர்த்திருப்பதாக அவரே தாளில் அச்சடித்திருந்தார். சேர்க்கலாம் என்று அனுமதித்த மஞ்சள் ஒன்று உண்டு. கூடவே கூடாது என்று தடுத்த மஞ்சள் ஒன்று உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இவர் போட்டது எது என்பதுதான் கேள்வி. தடுத்தது என்றால் ஆர்டர் போகும். அதோடு நிற்காது, ஷெட்டுக்குச் சீல் வைப்பார்கள்.

மேடமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அன்றைக்கு ஏன் யாரும் இல்லை என்றீர்கள் என்பார். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மூன்று முறை. பிறகு ஜெல்லியைக் கரைக்க ஆரம்பித்தேன்.

கரைத்த சாற்றில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுச் சூடாக்குவோம். மாம்பழத்தின் சொந்த மஞ்சள் நூலில் ஒட்டாது, கழுவினால் போய்விடும். கடையில் வாங்கிச் சேர்த்த மஞ்சள் சாயம் ஒட்டிக்கொள்ளும். அதை நூலில் இருந்து இறக்கிப் புள்ளி வைக்க வேண்டும். அரை நாள் வேலை. வழக்கமாக, பக்கத்தில் பக்கத்தில் மூன்று புள்ளிகள் வைப்போம்: நடுவில் வந்த பொருள், இரண்டு பக்கமும் நமக்குத் தெரிந்த இரண்டு மஞ்சள்கள். அன்றைக்குத் தெரிந்த மஞ்சள் பாட்டில்கள் இரண்டும் தீர்ந்திருந்தன, புதிது வரவில்லை. "வேல்யூ ரிஜிஸ்டர்ல இருக்கு கதா, அதோட வெச்சுப் பாருங்க" என்று மேடம் சொல்லியிருந்தார். ரிஜிஸ்டரில் இருந்தது. அனுமதித்த மஞ்சளுக்கு 0.42. தடுத்ததற்கு 0.48.

ஜாடியை மூடினேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மஞ்சள் ஏறியது. மூன்றாம் முறை நாங்கள் மலை ஏறியபோது முன்னால் ஓடியவர் மச்சான்தான். பாதி வழியில் இருக்கும் காலி கோபுரத்தில் உட்கார்ந்து, கீழே வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "மாப்ள, சாமி நடை சாத்திடுவார், சீக்கிரம் வா!" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நாற்பது நிமிடம் ஆனது. தகட்டை எடுத்தேன். ஈரம் தெரிந்தது. பென்சில் மேஜை மேல் இருந்தது. அந்த நொடியில் ஒரு நினைப்பு: உள்ளறையில் ஸ்பிரிட் பாட்டிலை மூடினேனா? பக்கத்தில் ஹீட்டர் இருக்கிறதே.

தகட்டை மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மூடியிருந்தது. திரும்பினேன். இறுக்கமாக மூடினேனா? போனேன். இறுக்கமாகத்தான் இருந்தது. வாசல்வரை வந்து மூன்றாவது முறையும் போனேன், கையால் தொட்டு, மூடியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

தகடு வெள்ளையாக இருந்தது. எங்கும் ஈரம் இல்லை. நடுவில் மஞ்சள் புள்ளி மட்டும் அப்படியே நின்றது, நான்கு புள்ளி மூன்று சென்டிமீட்டரில். முன்னால் ஓடியவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். மூக்கில் வைத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். ரிஜிஸ்டரில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். நாற்பது நிமிடத்தில் சில நாள் பத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, சில நாள் ஒன்பதோடு நின்றிருக்கிறது. போன் கால்குலேட்டரில் போட்டேன். கோடு பத்து புள்ளி இரண்டில் என்றால், 0.42. மச்சான் தப்பித்தார். கோடு ஒன்பதில் என்றால், 0.48. மச்சான் மாட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனம்.

திரும்ப ஓட்டியிருக்கலாமே என்று இதைப் படிப்பவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஓட்டியிருக்கலாம். ஃபிரிஜ்ஜில் மீதி ஜெல்லி இருந்தது. ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் நம்பர் உண்டு. ஒன்று வீணானால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதுவேன்? மூடியிருந்த பாட்டிலை மூன்று முறை பார்க்கப் போனேன் என்றா? ஏற்கெனவே ஒரு முறை அப்படி வீணாக்கியிருந்தேன். இரண்டாவது என்றால் பாட்டில் கழுவத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்தேன். கை பத்தாவது சென்டிமீட்டர் பக்கம் போனது. அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. மச்சான் உறவு என்று பின்னால் யாருக்காவது தெரிந்தால்? உறவுக்காக மேலே கோடு போட்டுக் காப்பாற்றினான் என்பார்கள். கீழே போட்டால் யாரும் என்னைக் கைகாட்ட மாட்டார்கள். எந்த மனிதன் சொந்த மச்சானை மாட்டவைப்பான்?

ஒன்பதில் கோடு போட்டேன். நேராக, அழகாக வந்தது. ரிஜிஸ்டரில் 0.48 என்று எழுதினேன்.

அன்று வீட்டுக்குப் போனால் மனைவி போனில் அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்ள, எங்க ஜெல்லிய உங்க சித்தூருக்குத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பிக்கீறானாம் கேண்டீன்காரன். உங்க லேபா?"

"தெரியலயே மச்சான். நிறைய வருது."

"கடைக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன் அந்தக் கலரு. நல்ல கலரு, தைரியமாப் போடுன்னான். எனக்கு இன்னா தெரியும்? டப்பாவில இங்கிலீஷ்ல எழுதிக்கினு கீது."

"ம்."

"இது மட்டும் பாஸ் ஆயிட்டா திருமலைக்கு நடந்து வரேன்னு வேண்டிக்கினு கீறேன். நீயும் வரணும். இந்த தபா உன்னை முன்னாடி வுட்டு நான் பின்னாடி வரேன், போதுமா?"

மனைவி சிரித்தாள். நான் சாப்பாட்டில் கை வைத்தேன்.

"இன்னா, துன்னாம பெசைஞ்சிக்கினே கீற?" என்றாள் அவள்.

"வயிறு சரியில்ல."

"கேஸ் மூடிக்கீது. நான் பாத்துட்டேன். துன்னு."

மறுநாள் காலை திருப்பதி பஸ் ஏறினேன். தகட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரிஜிஸ்டருக்குள் வைத்து, ரிஜிஸ்டரைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் சீட். பூதலப்பட்டில் ஒரு குடும்பம் ஏறி மூன்று பேர் சீட்டில் நான்காக நெருங்கி உட்கார்ந்தார்கள். கையைக்கூட எடுக்க முடியவில்லை. சந்திரகிரிக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் அசையவில்லை. இறங்கி எதிர்ப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று ஐம்பது முறை நினைத்தேன். இறங்க வேண்டுமானால் மூன்று பேர் எழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் வழி விடுங்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெயில், உள்ளே வியர்வை ஆவி, மூடி திறக்காத இடத்தில் உட்கார்ந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது பயம்.

மேடம் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். மேடம் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் வந்தது. தகட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பாயிண்ட் ஃபார்ட்டி எய்ட். அய்யோ பாவம், யாரோ மாட்டிக்கிட்டாங்க" என்றார். பிறகு, "என்னண்ணா, ஸ்கேல் போட்டு லைன் கீசியிருக்கீங்க? எப்பவும் கோணலா இழுப்பீங்க கதா?"

ஈரம் நேராக ஏறாது. நடுவில் கொஞ்சம் தூக்கி, ஓரத்தில் கொஞ்சம் இறங்கி இருக்கும். அவசரத்தில் அதைப் பார்த்து இழுக்கிற கோடு ஒருநாளும் நேராக வராது.

"கை நடுங்குது மேடம். அதான் ஸ்கேல்" என்றேன்.

"சரே" என்று பேனாவைத் தாளில் வைத்தார். முதல் எழுத்து விழுந்தது.

"மேடம்."

"ஆங்?"

"கோடு நான் பாத்துப் போடல."

பேனா நின்றது. "அப்படின்னா?"

"எடுத்தப்போ பாட்டில் மூடினேனான்னு பாக்கப் போனேன். வந்தா காஞ்சிடுச்சு. சும்மா... குத்துமதிப்பாப் போட்டேன்."

அவர் முகம் மாறியது. "அண்ணா! இதை நான் கையெழுத்துப் போட்டா அங்க ஒருத்தன் கடையைப் பூட்டுவாங்க. தெலுசா மீக்கு, தெரியுமா? குத்துமதிப்பாவா?"

"இன்னொண்ணும் இருக்கு மேடம்."

"இன்னொண்ணா?"

"அது எங்க மச்சானோடது. என் பெண்சாதிக்கு அண்ணன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மச்சானைக் காப்பாத்தறதுக்குப் போட்டீங்களா?"

"இல்ல மேடம். மாட்ட வெக்கறதுக்கு."

"ஏமி?"

காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். "அந்த வேல்யூ மேல ஒரே கோடு போட்டு அடிங்க. அழிக்கக் கூடாது, கீழ இருக்கிறது தெரியணும். பக்கத்துல என்ன நடந்ததோ தமிழ்லயே எழுதுங்க."

எழுதினேன். 'ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்துக் குறிக்கவில்லை. ஊகித்துப் போட்டேன். பொருள் என் மச்சானுடையது.' கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று எழுந்தேன்.

"நாளைக்கு நான் வரேன்" என்றார் மேடம். "நீங்க தொடாதீங்க."

கட்டுப் போட்ட காலோடு மறுநாள் வாடகைக் காரில் வந்தார். இரண்டு மஞ்சளும் சின்னச் சீசாக்களில், தான் படித்த காலேஜில் கேட்டு வாங்கி வந்திருந்தார். லேபுக்கு மாடிப்படி பத்தொன்பது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்போ என் வேல்யூ எவ்ளோண்ணா?" என்று கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். நான் வராந்தாவில், பாட்டில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நான்கு வருஷம் நின்ற இடம். கம்பளி நூல் வேலை முடியவே மதியம் ஆனது. அப்புறம் நாற்பது நிமிடம். எத்தனையோ முறை ஜாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன், ஜாடியைக்கூடப் பார்க்க முடியாமல் கதவைப் பார்த்தேன். தட்டலாம். தட்டினால் அவர் திரும்புவார். திரும்புகிற நொடியில் ஈரம் காய்ந்துவிட்டால்? கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கதவு திறந்தது. தகட்டைக் கையில் வைத்திருந்தார். மேலே கோணலாகப் பென்சில் கோடு. கீழே மூன்று மஞ்சள் புள்ளிகள். நடுப்புள்ளியும் இடதுபக்கப் புள்ளியும் ஒரே மட்டத்தில் நின்றன. வலதுபக்கத்தது மேலே, தனியாக.

"இடதுபக்கம் எது மேடம்?"

"பெர்மிட்டட்."

மச்சான் போட்டது அனுமதித்த மஞ்சள்தான்.

"வேல்யூ பாயிண்ட் ஃபார்ட்டி ஃபைவ்" என்றார்.

"நாப்பத்தஞ்சா? ரிஜிஸ்டர்ல நாப்பத்திரெண்டுதானே இருக்கு?"

"அது அன்னிக்கு. இன்னிக்கு வெயில் வேற, ஜாடி வேற, பிளேட் வேற பாக்கெட். அந்த நல்ல மஞ்சளே இன்னிக்கு நாப்பத்தஞ்சுலதான் நிக்குது. கெட்டது ஐம்பத்தொண்ணு. ரிஜிஸ்டரோட வெச்சுப் பாருங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னதே தப்புண்ணா. நம்பரைப் பாக்கக் கூடாது, பக்கத்துல கூட ஓடினது யாருன்னு பாக்கணும்."

அதாவது அன்றைக்கு நான் கோட்டைச் சரியாகவே குறித்திருந்தாலும், வந்த எண் நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் சரியாக நடுவில் நின்றிருக்கலாம். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எங்கேயோதான் இருக்கும் என்று நான் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்த அந்த எண்ணுக்கே நிற்க இடம் இல்லை. வேலையில் இருந்து என்னை அனுப்பவில்லை. புது ஆள் வரும்வரை பிளேட்டைத் தொட வேண்டாம் என்று மட்டும் மேடம் சொன்னார். பாட்டில் கழுவினேன். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

நான்கு நாள் கழித்துக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். கையில் பெரிய அட்டைப்பெட்டி.

"பாஸ், மாப்ள! கேண்டீன்காரனே போன் பண்ணான். உங்க லேப் பேருதான் ரிப்போர்ட்ல கீது. தெரியலயேன்னு சொன்னியே, நடிப்பா?" என்று தோளில் ஓங்கித் தட்டினார்.

"நான் ஒண்ணியும் செய்யல மச்சான்."

"செய்யலையாம்! கேட்டியாம்மா?" என்று தங்கையைப் பார்த்தார். "ரிப்போர்ட் ரெண்டு நாள் லேட்டு. கேட்டா திரும்ப டெஸ்ட் பண்ணாங்கன்றான். எவன் திரும்பப் பண்ணுவான்? நம்ம ஆளு உள்ள பூந்து ஏதோ சொல்லிக்கீறான். எனக்குத் தெரியாதா?"

"நெசமா இல்ல மச்சான். உங்க கலரு நல்ல கலரு. அதனாலதான்."

"அதுதான் மாப்ள நீ. செஞ்சதை வாயத் தொறந்து சொல்லவே மாட்ட."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மச்சான், நான் உங்களைக் காப்பாற்றவில்லை, ஒன்பதில் கோடு போட்டது நான்தான். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பெட்டியைப் பிரித்து, ஒரு வில்லையை எடுத்து என் கையில் வைத்தாள். நல்ல மஞ்சள். வாயில் போட்டேன். இனிப்பு பல்லில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

"நேரமாச்சு" என்று பையை எடுத்தேன். வாசலுக்கு வந்தபின், வழக்கம்போல, கேஸ்.

அவள் கிண்டல் செய்யவில்லை. "போய்ப் பாத்துட்டு வா" என்றாள், மெல்ல. அண்ணனிடம் திரும்பி, "எதுலயும் அவருக்குக் கவனம் ஜாஸ்திண்ணா" என்றாள்.

சமையலறைக்குள் போனேன். குமிழைத் தொட்டேன். மூடியிருந்தது. வெளியே மச்சான் மலைக்கு எந்த நாள் நடக்கலாம் என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், என்னை முன்னால் விட்டுத் தான் பின்னால் வரப்போவதாக. கையை எடுத்தேன். திரும்பவும் வைத்தேன். மூடித்தான் இருந்தது.